கர்னல் காரின் கூரையும் குஞ்சம்மாள் அக்காவின் வடகமும்

என் வீட்டுக்காரர் எங்கே போனாலும் முதலில் மேலே பார்ப்பார். கல்யாணத்துக்குப் போனால் மாப்பிள்ளையைப் பார்க்கும் முன் பந்தல் துணியைப் பார்ப்பார். ஆட்டோவில் ஏறினால் தலைக்கு மேலிருக்கும் ரெக்சினை விரலால் அழுத்திப் பார்ப்பார். தையல் விட்டிருந்தால் ஆட்டோக்காரரிடம் சொல்லாமல் இறங்கமாட்டார். டெல்லி மோதி பாக்கில் என் தங்கை மகளுக்குக் காது குத்தியபோது ஷாமியானாப் பந்தலின் ஒரு மூலையைக் காட்டி, "இது மழைக்குத் தாங்காது" என்றார். யாரும் காதில் வாங்கவில்லை. மழையும் வரவில்லை. வராததில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான் என்று எனக்குத் தோன்றியது.

அவர் பெயர் பெரியண்ணன். தர்மபுரிப் பக்கம். டெல்லியில் முனிர்காவில் குடியிருக்கிறோம். பக்கத்திலேயே கார் சீட்டுக்கு உறை தைக்கும் சாவ்லாஜியின் கடையில் அவருக்கு வேலை. துணிக்கூரை போட்ட கார் வந்தால் அதையும் அவர்தான் பார்ப்பார். டெல்லியில் அப்படிப்பட்ட கார்கள் அதிகம் இல்லை. வெயிலிலும் திறக்க முடியாது, மழையிலும் திறக்க முடியாது. இருந்தாலும் வாங்குகிறவர்கள் வாங்குகிறார்கள்.

அப்படி வாங்கியவர் ஓய்வு பெற்ற ஒரு கர்னல். இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய சிவப்புக் கார் வைத்திருந்தார். குளிர்காலம் முழுக்கக் கூரையைப் பின்னால் மடித்துப் போட்டுவிட்டு, வெயில் காய்ந்துகொண்டே ஓட்டுவார். மாதக்கணக்கில் மடிந்து கிடந்த துணி சுருங்கிவிட்டது. இழுத்தால் முன்கண்ணாடிக்கு மேலிருக்கும் கொக்கிக்கு எட்டவில்லை. மடிப்பு விழுந்த இடம் தேய்ந்து நூல் தெரிந்தது. இவர் காரை வெயிலில் நிறுத்தி, துணி சூடேறி இளகிய பிறகு, கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துக் கொக்கியில் மாட்டினார். தேய்ந்த இடத்துக்கு உள்பக்கம் ஒட்டுப் போட்டார். கார் போனது.

ஒரு மழை பெய்தது. கார் திரும்பி வந்தது. பார்லருக்குப் போய்விட்டு வந்த கர்னல் மனைவியின் தலையில் சொட்டிவிட்டதாம். கர்னலுக்கு அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. அவர் பக்கம் சொட்டவில்லை. இவர் முன்கண்ணாடிக்கு மேல் விளிம்பில் இருக்கும் ரப்பர் பீடிங்கை மாற்றிக் கொடுத்தார். அடுத்த மழையில் மறுபடியும் அதே தலை, அதே இடம்.

அன்று நான் இவருக்குச் சாப்பாடு கொண்டுபோயிருந்தேன். சாவ்லாஜி இந்தியில் சொன்னது எனக்கும் கேட்டது.

"அரே பெரியண்ணன், மேடம் காருக்குள்ளே குடை பிடிச்சிட்டு வந்து இறங்கறாங்க. ரோடே பார்க்குது. இன்னொரு தடவை இந்தக் கார் ஒழுகி வந்தா, அது உள்ளே வரட்டும், நீ வெளியே போயிடு."

இந்த வயதில் இன்னொரு கடை வாசலில் போய் வேலை கேட்டு நிற்பதை இவரால் நினைத்துப் பார்க்க முடியாது. இரவு படுத்துக்கொண்டு எங்கள் அறையின் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காரை எங்கள் சந்துக்கு வெளியே இருக்கும் காலி இடத்துக்குக் கொண்டுவந்தார். சாயங்காலம் வாளி வாளியாகக் கூரைமேல் தண்ணீர் ஊற்றினார். எங்கே சொட்டுகிறது என்று பார்க்க, மேடத்தின் இடத்தில் என்னை உட்காரவைத்தார். சந்துப் பெண்கள் எல்லாரும் கூடிவிட்டார்கள்.

"என்னடி, பொண்ணு ஊர்கோலமா?" என்றாள் ஒருத்தி.

நான் முந்தானையைத் தலைமேல் இழுத்துக்கொண்டேன். ஒரு சொட்டுகூட விழவில்லை. இவர் முகம் இன்னும் வாடிவிட்டது. ஒழுகினாலாவது ஓட்டை எங்கே என்று தெரிந்திருக்கும்.

அடுத்த நாள் காரை வெயிலில் காயவிட்டுவிட்டு டீ குடிக்கப் போனார். அந்த நேரத்தில்தான் குஞ்சம்மாள் அக்கா வந்தார். கீழ்வீட்டில் தமிழ் மாணவர்களுக்கு மெஸ் நடத்துகிறவர். மொட்டை மாடியில் வடகம் போட்டால் குரங்கு மிச்சம் வைப்பதில்லை. அவர் கண்ணுக்கு அந்தக் கார் நல்ல உயரத்தில், சுள்ளென்று சூடாக, காவலுக்கு ஆளோடு இருக்கும் இடமாகத் தெரிந்திருக்கிறது. நான் அருகில்தான் இருந்தேன். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. ஈர வேட்டியை விரித்துக் கூரை முழுக்க வடகம் பிழிந்துவிட்டார்.

இவர் திரும்பி வந்து வேட்டியின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தார்.

"அக்கா, இது கர்னலோட காரு."

"இருக்கட்டுமே. கர்னல் வடகம் திங்கமாட்டாரா?"

"கறை பட்டுரும். எடுத்துருங்க."

"வேட்டி விரிச்சுத்தானப்பா புழிஞ்சிருக்கேன். இப்ப எடுத்தா மறுபடி கூழாயிரும். சாயங்காலம் எடுத்துக்கறேன், போ."

இவர் என்னைப் பார்த்தார். நான் காரைப் பார்த்தேன்.

சாயங்காலம் அக்கா வந்து தொட்டுப் பார்த்தார். உடனே அவர் குரல் ஏறியது.

"என்ன காருப்பா இது? முன்னாடியெல்லாம் கலகலன்னு காஞ்சிருக்கு. பின்கண்ணாடி ஓரத்துல மட்டும் சொதசொதன்னு கெடக்குது. ஒரே கூழு, ஒரே வெயிலு. உன் கூரைதான் சரியில்ல."

தான் தைத்ததை யாராவது குறை சொன்னால் இவருக்குப் பொறுக்காது. வேகமாக வந்து வேட்டிக்கு அடியில் கையை விட்டார். பிறகு கதவைத் திறந்து, உள்ளே போய், பின்கண்ணாடி ஓரத்தை அழுத்தினார். தண்ணீர் கசிந்தது. அக்கா வேட்டியைச் சுருட்டப் போனார்.

"எடுக்காதீங்க. யாரும் எதையும் எடுக்காதீங்க" என்றார் இவர். "நான் சாக்பீஸ்ல கோடு போட்டுக்கறேன்."

ஓட்டை முன்னால் இல்லவே இல்லை. பின்கண்ணாடியைச் சுற்றியிருந்த தையல், மேலே ஒட்டியிருந்த பட்டைக்கு அடியில் விட்டுப்போயிருந்தது. அங்கே இறங்கும் தண்ணீர் உள்ளே வைத்த ஃபோமில் ஊறிக் கிடக்கும். கர்னல் பிரேக் போடும்போது மேடம் பக்கம் கூரையைத் தாங்கும் கம்பி வழியாக முன்னால் ஓடி மேடத்தின் தலையில் இறங்கும். நின்ற காரில் நான் நனையாததற்கும் அதுதான் காரணம்.

தையலைப் பிரித்து, ஃபோமை மாற்றி, மறுபடி தைத்து, பசை வைத்து அடைத்தார். கூரையில் வரிசை வரிசையாக விழுந்திருந்த உப்புக்கறையைப் பிரஷால் தேய்த்துக் கழுவினார். கறை போனது. சீரக வாசனை போகவில்லை.

தண்ணீர் ஊற்றி ஓட்டிப் பார்க்கும்போது யார் உட்காருவது என்ற பேச்சு வந்தது. "கண்டுபுடிச்சது நானு. நாந்தான் உக்காருவேன்" என்று குஞ்சம்மாள் அக்கா ஏறிக்கொண்டார். எனக்கு நிம்மதி. மடியில் வடகம் போட்ட எவர்சில்வர் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டார். ஒரு சொட்டு பட்டாலும் நமுத்துக் காட்டிக்கொடுத்துவிடுமாம். இவர் அந்தக் காலி இடத்திலேயே ஓட்டி ஓட்டிப் பிரேக் போட்டார். ஒவ்வொரு பிரேக்குக்கும் அக்கா திட்டியது எனக்கு வெளியே கேட்டது. வடகம் நமுக்கவில்லை.

ஜூலையில் பெரிய மழை வந்தது. இவர் சோற்றில் கை வைக்காமல் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். அது அடித்தது.

"மேடம் வந்திருக்காங்க. ஜல்தி வா" என்றார் சாவ்லாஜி.

இவர் சட்டைப் பொத்தானை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடினார். நானும் பின்னால் போனேன். மேடம் நனையாத தலையோடு நின்றிருந்தார். கையில் குஞ்சம்மாள் அக்காவின் எவர்சில்வர் டப்பா. காலியாக இருந்தது.

"சீட்டுக்கு அடியில் இருந்தது. பொரித்துச் சாப்பிட்டுவிட்டோம்" என்றார். "இது எங்கே கிடைக்கும்?"

டப்பாவைக் காணோம் என்று அதுவரை என்னைத்தான் அக்கா சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தார்.

இவர் இன்றும் அதே கடையில் வேலை செய்கிறார். அந்தக் கார் ஒழுகுவதில்லை. ஒவ்வொரு மே மாதமும் துணியைச் சூடேற்றி இழுத்துவிட கர்னல் அதை அனுப்புகிறார். முதல் நாளே குஞ்சம்மாள் அக்கா கூழ் காய்ச்சிவிடுகிறார்.