எஞ்சின் சூட்டில் உருகிய கேக்

மே 11, காலை 6.10. மகள் தாரணிக்கு இன்றோடு வயது பதினொன்று. அவள் இன்னும் எழவில்லை. அதற்குள் இதை எழுதிவிடுகிறேன்.

வெனிலா வாசனையும் பெட்ரோல் வாசனையும் ஒன்றாகக் கலந்து வந்தால் எப்படி இருக்கும் தெரியுமா? எனக்குத் தெரியும். அவளுடைய ஐந்தாவது பிறந்தநாளன்று கொல்லிமலை ரோடு முழுக்க அந்த வாசனையோடுதான் வந்தேன்.

அப்போது எங்கள் மலையில் கேக் கிடைக்காது. கீழே காளப்பநாயக்கன்பட்டிக்குத்தான் போக வேண்டும். வாங்குவது பிரச்சினை இல்லை... எழுபது கொண்டை ஊசி வளைவில் முழுசாக மேலே கொண்டுவருவதுதான் பிரச்சினை.

தாரணிக்கு அப்போதுதான் எழுத்துக் கூட்டத் தெரிந்திருந்தது. தன் பெயர் எழுதிய கேக் வரப்போகிறது, எல்லோருக்கும் வாசித்துக் காட்டுவேன் என்று தெருப் பிள்ளைகளிடம் ஒரு வாரமாகச் சொல்லிவைத்திருந்தாள். பக்கத்து வீட்டு பவித்ரா மூன்று வயது மூத்தவள். அவள் நம்பவில்லை.

"மேல ஏறி வர்றதுக்குள்ள கூழாயிரும்டி. அப்புறம் எங்க வாசிப்ப?"

தாரணி என்னிடம் வந்து நின்றாள். "அப்பா, எம்பேரு அழியாம வருமா?"

"வரும் சாமி. அப்பா டிப்ளமோ மெக்கானிக்கல்."

சும்மா சொல்லவில்லை. நான் அப்போது நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறையில் வேலை பார்த்தேன். அங்கே கிடந்த அலுமினியத் தகட்டை வெட்டி வளைத்து, பைக் டேங்குக்கும் சீட்டுக்கும் நடுவில் உட்காருகிற மாதிரி ஒரு தட்டு செய்தேன். நாலு பக்கமும் ஃபோம், மேலே பெல்ட். பஸ்ஸில் வந்தால் வளைவுக்கு வளைவு கேக் ஒரு பக்கமாகத் தள்ளும். பைக் வளைவில் சாயும்போது கேக்கும் சேர்ந்தே சாயும், நகராது. கணக்கு சரி.

பேக்கரிக்காரர் தட்டைப் பார்த்துச் சிரித்தார். "தம்பி, மலைக்குப் போற கேக்குக்கு நான் பொறுப்பில்லீங்க."

"நீங்க பேரை மட்டும் ஒழுங்கா எழுதுங்க" என்றேன்.

கேக் ஒரு இஞ்ச்கூட நகரவில்லை. உருகிவிட்டது.

மே மாத வெயில். வளைவெல்லாம் ஃபர்ஸ்ட் கியர். எஞ்சின் கொதிக்கிறது, அதற்கு நேர் மேலே அலுமினியத் தட்டு. கேக்கை அடுப்பில் வைத்த மாதிரிதான் கொண்டுவந்திருக்கிறேன். ஆட்டத்துக்குக் கணக்குப் போட்டவன் சூட்டுக்குப் போடவில்லை.

வீட்டுக்குள் போய் மூடியைத் திறந்தேன். மனைவி ரேவதி எட்டிப் பார்த்தாள்.

"ஏனுங்க, இது கேக்கா கிரீஸா?"

கிரீம் உருகி, கேக் அதில் ஊறிக் கூழாகி, ரோஸ் நிறத்தில் ஒரு குளம். அதில் ஒரு செர்ரி மிதந்துகொண்டிருந்தது. பெயர் இருந்த இடமே தெரியவில்லை. கத்தி முனையால் எழுதிப் பார்த்தேன்... இன்னும் கெட்டுப்போனது. வாசலில் பிள்ளைகள் எல்லாம் வந்து உட்கார்ந்தாயிற்று. பவித்ரா முதல் வரிசையில்.

"மூடி வெச்சுருங்க. கடைக்காரன் கெட்டுப்போனதைக் குடுத்துட்டான்னு சொல்லிப்புடலாம்" என்றாள் ரேவதி.

எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. தாரணிக்குப் படவில்லை.

"கடைக்காரரு என்னம்மா பண்ணுனாரு?"

அழுவாள் என்று நினைத்தேன். உதடு கோணியது, கண்ணில் நீர் நின்றது. ஆனால் ஒரு விரலை விட்டு நக்கிப் பார்த்தாள். பிறகு என் சட்டை நுனியைப் பிடித்து இழுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள்.

"எங்கப்பா எஞ்சினுக்கு மேல வெச்சுக் கொண்டாந்துட்டாரு. உருகிப்போச்சு. ஆனா நல்லா இருக்குது. நான் நக்கிப் பாத்துட்டேன்."

பிள்ளைகள் என்னைப் பார்த்தார்கள். நான் வானத்தைப் பார்த்தேன்.

"பேரு எங்கடி?" என்றாள் பவித்ரா.

"அதுக்குள்ளதான் கரைஞ்சு கெடக்குது. வேணும்னா தின்னு, வேண்டாட்டி போ."

பவித்ரா எழுந்து போனாள். போய்விட்டாள் என்றுதான் நினைத்தேன்... பலா மரத்தில் ஒரு இலையைப் பறித்து, கஞ்சி குடிக்க மடிப்பதுபோல மடித்து, ஈர்க்குச்சி குத்திக்கொண்டு திரும்பி வந்தாள். "எனக்கு ரெண்டு வாட்டி ஊத்தோணும்" என்றாள். அவ்வளவுதான், எல்லோரும் மரத்தடிக்கு ஓடினார்கள்.

மெழுகுவர்த்தி நிற்க இடமில்லை. ரேவதி வெந்த மரவள்ளிக் குச்சிக்கிழங்கு ஒன்றில் செருகிக் கொடுத்தாள். தாரணி அதை ஊதி அணைத்துவிட்டு, தன் பெயரைத் தரையில் கரித்துண்டால் எழுதி, சத்தமாக வாசித்தாள்.

இப்போது மலைமேலே செம்மேட்டிலேயே கேக் கிடைக்கிறது. போனில் சொன்னால் போதும், பெயர் ஒரு புள்ளிகூடக் கலையாமல் வருகிறது. நானும் மலையிலேயே பம்புசெட் ரிப்பேர் பட்டறை போட்டுவிட்டேன். இப்படி எல்லாம் பக்கத்தில் வந்த நேரத்தில், அவள் கீழே இறங்குகிறாள். ஜூனில் ஆறாம் வகுப்பு, ஹாஸ்டல்.

சேர்க்கப் போன அன்று டீச்சர் கேட்டார், "அப்பா அம்மாவை விட்டுட்டு இருந்துக்குவியா?" நான் முந்திக்கொண்டு, "ரொம்ப தைரியசாலிங்க" என்றேன்.

அவள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "மொத வாரம் அழுவேன் மிஸ். அப்புறம் சரியாயிரும்" என்றாள்.

அன்றைக்கு உண்மையைச் சொல்ல என் சட்டை நுனி வேண்டியிருந்தது. இப்போது வேண்டியதில்லை. பெருமைதான்... கொஞ்சம் வலிக்கவும் செய்கிறது.

இனி நான் செய்ய வேண்டியவை:

1. இன்று பட்டறையைச் சீக்கிரம் பூட்டுவது.

2. அவள் கேக் வெட்டும்போது "இப்படி வெட்டு, அப்படி வெட்டு" என்று வாயைத் திறக்காமல் இருப்பது.

3. ஜூனில் ஹாஸ்டல் வாசலில் அவளை விட்டதும் இங்கே பள்ளிக்கூடத்தில் விடும்போது செய்வதுபோல உடனே வண்டியைத் திருப்பிக்கொண்டு கிளம்பாமல், அவள் உள்ளே போகும்வரை நிற்பது.

4. அவள் திரும்பிப் பார்த்தால் கை காட்டுவது. பார்க்காவிட்டாலும் காட்டுவது.