ஏறு என்று நினைத்த சொல்

யுத்தம் முடிந்த மறு வருஷம் எங்கள் ஊர் டூரிங் கொட்டகைக்கு ஒரு இங்கிலீஷ் சண்டைப் படம் வந்தது. அதில் ஒரு துரை கையை உயர்த்தி "சார்ஜ்!" என்று கத்துவான். சிப்பாய்கள் குன்றின்மேல் ஓடுவார்கள். எங்களில் யாருக்கும் அந்தப் பாஷை தெரியாது. தினமும் மலையேறிப் பிழைக்கிறவர்கள் ஆதலால், அதற்கு 'ஏறு' என்று அர்த்தம் செய்துகொண்டோம். படம் பத்து நாளில் போய்விட்டது. சொல் இன்றுவரை போகவில்லை. பஸ்ஸில் ஏறுகிறவனும் சொல்கிறான், வண்டியில் மூட்டை ஏற்றுகிறவனும் சொல்கிறான்.

நான் அப்போது படியேற முடியாதவர்களை உட்காரவைத்து மலைக்கோயிலுக்கு டோலி தூக்கிக்கொண்டிருந்தேன். நாலு பேரும் ஒன்றாக அடி வைக்க ஒருவன் குரல் கொடுக்க வேண்டும். எங்கள் குரலும் "சார்ஜ்" ஆகிவிட்டது.

பர்மா சண்டையிலிருந்து திரும்பிய என் அக்கா புருஷன் எங்களோடு சேர்ந்தார்; அவரை நான் பாவா என்றுதான் கூப்பிடுவேன். அரக்கோணம் ரயில்வேயில் வேலை இல்லையென்று சொல்லிவிட்டார்கள். அக்காவுக்கு ஏழாம் மாதம். முதல் நாள், ஒரு பெரியவரைத் தூக்கியதும் முன்னால் நின்றவன் "சார்ஜ்!" என்றான். பாவா டோலிக் கொம்பை விட்டுவிட்டுப் படியில் குப்புற விழுந்தார். சாய்ந்த டோலியை நான் முட்டி கொடுத்துத் தாங்கினேன்.

"பட்டாளத்துக்காரரு படுத்துகினு கீறாரு பாரு!" என்று சிரித்தார்கள்.

எங்களை வேலைக்கு வைத்திருந்த மேஸ்திரி சிரிக்கவில்லை. "நாளைலேர்ந்து வராதப்பா. ஏறி குந்தறவங்க உசுருக்கு யாரு பதில் சொல்றது?"

இறங்கும்போது பாவா என்னிடம் சொன்னார்: "அதுக்கு ஏறுன்னு அர்த்தம் இல்ல மச்சான். எதிர்ல துப்பாக்கி கீதுன்னு தெரிஞ்சும் ஓடுன்னு அர்த்தம். கேட்டுட்டு ஓடினவங்க யாரும் திரும்பல."

நாலு பேர் முன்னால் நான் வாய் திறந்ததில்லை. அன்று மேஸ்திரியிடம் போய் நின்றேன்.

"பாவா இருக்கட்டும்ங்க. அந்த வார்த்தைய வுட்டுடலாம்ங்க."

"அப்ப கொரலு யாரு குடுப்பா, நீயா?"

மறுபடி சிரிப்பு.

"ஆங்" என்றேன்.

மறுநாள் முன்கொம்பைப் பிடித்தேன். "எடு... வை" என்றது எனக்கே கேட்கவில்லை. "ஊமை ஓட்டற வண்டிடா இது" என்றான் பக்கத்தில் இருந்தவன். மறுபடி சொன்னேன். பின்னால் பாவாவின் கால் என் காலோடு ஒன்றாக விழுந்தது. பாதி மலை ஏறிய பிறகுதான் நான் கத்திக்கொண்டிருப்பது எனக்குத் தெரிந்தது.