லோகேஸ்வரி திருத்திய வரைபடம்

அக்கரையில் இருக்கும் பாகான் டாலாமுக்குப் போவதற்காக ஃபெர்ரியில் உட்கார்ந்திருந்தேன். பினாங்கின் ஜார்ஜ் டவுன் கரை பின்னால் விலகிக்கொண்டிருந்தபோது சந்திரனிடமிருந்து அழைப்பு வந்தது.

"தாஜு அண்ணே, எங்க இருக்கீங்க?"

வந்துகொண்டிருக்கிறேன் என்றேன்.

"அவசரப்பட வேணாம். மெதுவா வாங்க."

முந்தின நாள் வரை, "சீக்கிரம் வாங்க, உங்களைத்தான் கேட்டுக்கிட்டே இருக்கா" என்று சொன்னவர் அவர். அவருடைய மனைவி, நோயில் படுத்திருந்த என் சக ஊழியர் லோகேஸ்வரி போய்விட்டார் என்று எனக்குப் புரிந்தது. நடுக்கடலில் இறங்கவும் முடியாது, திரும்பவும் முடியாது. கைப்பேசியைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

லோகாவை அறிந்தவர்கள் இதைப் படிப்பீர்கள். அவர் மண் ஆய்வாளர். மலைகளிலும் தோட்டங்களிலும் குழி வெட்டி, எந்த நிலத்தில் என்ன வகை மண் என்று வரைபடத்தில் குறிப்பது அவர் வேலை. அவர் அனுப்பும் மண்ணைச் சோதித்து எண்கள் தருவது என் வேலை. இருபது ஆண்டுகளுக்கு மேல் இப்படித்தான் ஓடியது. அவர் ஒரு மலையைத் தவறாக வகைப்படுத்தினார் என்று உங்களில் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது. பல வருடங்களாகத் தள்ளிப்போட்டேன்.

லோகா எதையும் இரண்டு தடவை பார்ப்பவர். மாதிரிப் பைகளைக் கொடுத்துவிட்டுப் போனால் மத்தியானம் போன் வரும். "தாஜு, மூணாவது பையில ஆழம் எழுதியிருக்கேனா?" எழுதியிருப்பார். மாலையில் மறுபடியும் கேட்பார். எனக்குச் சிரிப்பாக இருக்கும், சில நாள் எரிச்சலாகவும் இருக்கும்.

அந்த மலை கிழக்குக் கரையில், குவாந்தான் பக்கம் இருந்தது. பினாங்கில் நம் கால்களுக்குக் கீழே இருப்பது கருங்கல். அங்கே இருப்பது எரிமலைக் குழம்பு ஆறிய பசால்ட் பாறை. அது மக்கிமக்கி உருவான மேட்டு மண், அடர்ந்த செம்பழுப்பு நிறத்தில் ஆள் உயரத்துக்கு மேல் ஒரே மாதிரி இறங்கும். கையில் எடுத்தால் பொலபொலவென்று உதிரும். பார்ப்பவருக்கு இதைவிட வளமான மண் இல்லை என்று தோன்றும். "சிவப்பைப் பாத்து மயங்கிடாதீங்க" என்பார் லோகா. அன்று அவரே மயங்க நேர்ந்தது. அதற்குக் காரணம் நான்.

அவர் முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. மழைநீர் மேலிருந்த களிமண்ணை அடித்துச் சென்று கீழே படிய வைத்திருந்தால் அது ஒரு வகை. அந்த மண் கீழ் அடுக்கில் ஓரளவு ஊட்டத்தைப் பிடித்து வைக்கும். மேலிருந்து கீழ்வரை களி ஒரே அளவாக இருந்து, இரும்பு மட்டும் மிஞ்சி, சத்தெல்லாம் கரைந்து போயிருந்தால் அது வேறு வகை, ஆக்சிசால் என்பார்கள். மிகவும் கிழடுதட்டிய மண். கீழ்மண்ணின் கட்டிகளில் லோகா ஒரு மினுமினுப்பைப் பார்த்திருந்தார். அது படிந்த களியாகவும் இருக்கலாம், அந்த மண்ணின் இயல்பாகவும் இருக்கலாம். முடிவு என் எண்களில் இருந்தது.

இந்த மண்ணில் இரும்பு, களியைச் சிறுசிறு உருண்டைகளாக ஒட்டி வைத்திருக்கும். மேல்மண்ணில் இலைதழை மக்கும் சேர்ந்திருக்கும். முதலில் மக்கை நீக்கி, உருண்டைகளை முழுக்கக் கலைத்துவிட்டுத்தான் அளக்க வேண்டும். பாதியில் அளந்தால் களியெல்லாம் மணலாகக் காட்டும். அந்த வாரம் வேலை குவிந்திருந்தது. மக்கு முழுக்கப் போவதற்கு முன்பே மேல்மண்ணை அளந்துவிட்டேன். களி மேலே குறைவு, கீழே அதிகம் என்று வந்தது.

தாளைப் பார்த்துவிட்டு லோகா என் மேசைக்கு வந்தார். "மேல் மண்ணுல களி இவ்வளவு குறைவா? பிசைஞ்சு பாத்தப்ப அப்படித் தெரியலையே. இன்னொரு தடவை பாக்குறீங்களா?"

"பாத்தாச்சு லோகா. நம்பர் பொய் சொல்லாதுலா" என்றேன். நான் இரண்டாம் தடவை பார்க்கவே இல்லை.

அவர் முதல் வகை என்று எழுதிக் கையெழுத்திட்டார். அதை வைத்து அந்த மலையில் மிளகு போட்டவர்களுக்கு வருடத்தில் இரண்டு தடவை மொத்தமாக உரம் வைத்தால் போதும் என்று சொல்லப்பட்டது. மூன்றாம் வருடம் கொடிகள் மஞ்சளாயின. லோகா போய்ப் பார்த்துவிட்டுப் புதிதாகக் குழி வெட்டி, ஐந்து பைகளோடு நேராக என்னிடம் வந்தார்.

"எனக்காக மாத்திச் சொல்லாதீங்க தாஜு. என்ன வருதோ அதைச் சொல்லுங்க."

மக்கு முழுக்கப் போகும்வரை காத்திருந்தேன். அத்தனை நாளும் அவர் போன் செய்யவே இல்லை. வழக்கமாக எரிச்சல் தரும் அந்த அழைப்புக்காக நான் ஏங்கினேன். கடைசியில் களி மேலும் கீழும் ஏறத்தாழ ஒரே அளவாக வந்தது. முதல் தடவை என்ன செய்தேன் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். தாளை வாங்கிக்கொண்டு போய்த் திருத்த அறிக்கை எழுத உட்கார்ந்தார்.

திருத்த அறிக்கையில் என் பெயர் இல்லை. மேலதிகாரி அதை அடுத்த ஆண்டு வெளியிடலாம் என்று மேசையில் வைத்துக்கொண்டார். "அடுத்த வருசம் கொடி இருக்காது" என்று சொல்லிவிட்டு லோகா குவாந்தானுக்குக் கிளம்பினார். நானும் கூடப் போனேன்.

மலையடிவாரத்துப் பொதுக்கூடத்தில் முப்பது பேர் இருந்திருப்பார்கள். லோகா கையிலிருந்த தாள் நடுங்குவது கடைசி வரிசையில் இருந்த எனக்கே தெரிந்தது. மலாயில் சொன்னார், பிறகு தமிழிலும் சொன்னார். "நான் உங்க மண்ணைத் தப்பா எழுதிட்டேன். இது கண்ணுக்குக் களி, தண்ணிக்கு மணல். ஊத்துனா இறங்கிடும். மொத்தமா உரம் போட்டா மழையில பாதி போயிடும்."

சரசக்கா என்று ஒரு விவசாயி எழுந்தார். "அப்ப மூணு வருசமா நாங்க போட்டதெல்லாம் எங்க போச்சும்மா?"

"கொஞ்சம் தண்ணியோட போச்சுக்கா. பாஸ்பேட்டு மண்ணுலதான் இருக்கு. இரும்பு புடிச்சு வச்சிருக்கு, வேருக்குக் குடுக்காது."

"இதை இப்ப வந்து சொல்றீங்களே."

"இப்பத்தான் எனக்கே தெரிஞ்சுச்சு. தெரிஞ்சதும் வந்துட்டேன்."

ஒருவர் மலாயில் கத்தினார். இரண்டு பேர் வெளியே போனார்கள். நான் எழுந்து, தப்பு என்னுடையது என்று சொல்லியிருக்க வேண்டும். எழவில்லை. லோகா என் பக்கம் திரும்பவே இல்லை. உரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துப் போடுவது, பாஸ்பேட்டை வேரோரம் வைப்பது, தரையை வெயிலுக்குத் திறந்து விடாமல் தழையால் மூடுவது என்று எல்லாவற்றையும் சாயங்காலம் வரை நின்று விளக்கினார்.

சில தோட்டங்கள் பிழைக்கவில்லை. இரண்டு குடும்பங்கள் மலையை விட்டே போய்விட்டன. சரசக்கா தரையைத் தழையால் மூடினார். மறு வருடம் பச்சைத் துளிர் வந்த கொடியைப் படம் எடுத்து லோகாவுக்கு அனுப்பினார். ஆனால் அதற்குள் லோகாவைக் களப்பணியிலிருந்து எடுத்து அலுவலகத்தில் உட்கார வைத்திருந்தார்கள். "அவங்க மேப்பை நம்ப முடியாது" என்று உணவு இடைவேளையில் ஒருவர் சொன்னபோது நான் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பல வருடம் கழித்துத்தான் அவரிடம் கேட்டேன், ஏன் என் பெயரை எழுதவில்லை என்று.

"பிசைஞ்சு பாத்த கை என்னோடது. அது வேற சொல்லுச்சு. நான் அதை நம்பல. கையெழுத்து போட்டதும் நான்தானே."

மற்ற வரைபடங்களிலும் இப்படி ஏதாவது இருக்குமோ என்ற பயம் அதன்பின் அவரை விடவில்லை. நோயில் படுத்த பிறகும் பழைய குழிகளின் எண்களைச் சொல்லிக் கேட்பார். எனக்குத் தெரிந்ததைச் சொல்வேன், தெரியாததைத் தேடிப் பார்த்துச் சொல்வேன். போன மாதம் ஒரு நாள், நடந்ததை எல்லாருக்கும் தெரிய எழுதப்போகிறேன் என்றேன்.

"எழுதுங்க தாஜு. ஆனா என்னை ரொம்ப நல்லவளா எழுதாதீங்க. உங்க மேல எனக்குக் கோபம் இருந்துச்சு. ரொம்ப நாள் இருந்துச்சு."

"இப்ப?"

"இப்பவும் கொஞ்சம் இருக்கு."

அதற்குப் பிறகு தண்ணீர் கேட்டார். கொடுத்தேன்.

அவர் உடலருகே நின்றபோது, வந்திருந்த பழைய சகாக்களிடம் இதைச் சொல்லத் தொடங்கினேன், முடிக்க முடியவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். அந்த மலையை லோகேஸ்வரி தவறாக எழுதியது என் தவறான எண்ணால். நான் பார்க்காததைப் பார்த்ததாகச் சொன்னேன். இதை அனுப்பிய பிறகு யார் என்ன சொல்வார்களோ, சரசக்கா கண்ணில் பட்டால் என்ன நினைப்பாரோ என்று மனம் அடித்துக்கொள்கிறது. பயம் தெளிந்த பிறகு பேசலாம் என்றுதான் இத்தனை வருடம் இருந்துவிட்டேன். அந்தக் கூடத்தில் லோகாவுக்கும் பயம் தெளியவில்லை, பேச்சை முடித்துவிட்டு உட்காரும்வரை தெளியவில்லை. நடுங்கிக்கொண்டேதான் சொன்னார். அவரிடமிருந்து நான் எடுத்துக்கொள்வது அதை மட்டும்தான்.