கம்பெனிப் பெயரை மறைத்த கர்னல்

காலை ஏழு நாற்பதுக்கு என் கைப்பேசி அடித்தது. படப்பை முனையில் கம்பெனி பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். திரையில் மகளின் பெயர். பேசியது வேறொரு பெண். "ஆன்ட்டி, உங்க பொண்ணுக்கு ஷேர் ஆட்டோல ஃபிட்ஸ் வந்துட்ச்சு. கை காலெல்லாம் இழுத்துக்கினு கீது. எங்களுக்கு இன்னா பண்றதுன்னே தெரியல, சீக்கிரம் வாங்க." நான் ஓடினேன். நான் போய்ச் சேர்ந்தபோது அவளைச் சாலையோரம் ஒருக்களித்துப் படுக்க வைத்திருந்தார்கள். துப்பட்டா முழுக்க எச்சிலும் மண்ணும். கண் திறந்து என்னைப் பார்த்தாள், அடையாளம் தெரியவில்லை. இன்றும் கைப்பேசியில் அவள் பெயர் வந்தால், எடுத்து அவள் குரலைக் கேட்கும்வரை எனக்கு மூச்சு சரியாக வருவதில்லை.

எட்டாம் வகுப்பு படிக்கும்போது அவளுக்கு வலிப்பு தொடங்கியது. ஒரு நல்ல மருத்துவர் சரியான மாத்திரையைக் கண்டுபிடித்துக் கொடுத்தார். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று, அவ்வளவுதான். அது மெல்ல மெல்லக் கரைந்து மறுநாள் இரவு வரை உடம்பில் வேலை செய்யும் என்று அப்போது சொல்லியிருந்தார். அதன் பிறகு பள்ளி முடித்தாள், கல்லூரியில் சேர்ந்தாள், ஒருமுறைகூட வலிப்பு வரவில்லை. அடுப்பில் பாலை வைத்துவிட்டு அவளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிக் கடைக்குப் போகும் அளவுக்கு எனக்கும் தைரியம் வந்திருந்தது. என் கணவர் ராணுவத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையின் காவல் பிரிவில் வேலை செய்கிறார். அவரை நம்பியிருக்கும் பிள்ளை என்பதால் மகளுக்கும் முன்னாள் படைவீரர்களுக்கான கிளினிக்கில் மருந்து இலவசம். மாதம் ஒருமுறை போய் வாங்கிவருவோம். அந்தக் கிளினிக்கின் பொறுப்பாளரைத்தான் இங்கே நினைத்துப் பார்க்கிறேன். ஓய்வு பெற்ற ராணுவ மருத்துவர். எங்களுக்கு அவர் கர்னல் சார்.

உயரமான மனிதர், சற்றே கூன் விழுந்த முதுகு. மருந்துக் கம்பெனிகளின் வாடை எதுவும் கிளினிக்குக்குள் வரக் கூடாது என்பது அவர் சட்டம். யாரோ அன்பளிப்பாகத் தந்த சுவர்க் கடிகாரத்தில் ஒரு கம்பெனியின் பெயர் இருந்தது. அதன்மேல் காயத்துக்கு ஒட்டும் வெள்ளைப் பிளாஸ்திரியை ஒட்டிவிட்டார். காலண்டருக்கும் அதே கதிதான். கம்பெனிப் பிரதிநிதிகள் கேட்டைத் தாண்ட முடியாது. கேட்டில் நிற்கும் காவலரும் பழைய சிப்பாய்தான், பிள்ளைப்பாக்கத்துக்காரர். டை கட்டிய யாராவது பையோடு வந்தால், "இன்னா சார், கல்யாணத்துக்கா வந்தீங்கோ? மண்டபம் அந்தாண்ட கீது" என்பார். வரிசையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள் சிரிப்பார்கள். அந்தக் கேட்டில் அவர்களுக்கு ஒரு பெருமை இருந்தது.

கர்னல் சார் அப்படி ஆனதற்குக் காரணம் உண்டு. பணியில் இருந்த காலத்தில் ஒரு மருத்துவமனையில் அலமாரி நிறைய விலையுயர்ந்த டானிக் பாட்டில்கள் இருந்தனவாம், சர்க்கரை நோய்க்கான ஊசி மருந்து மட்டும் இல்லையாம். யாரோ ஓர் அதிகாரி குடும்பத்தோடு எங்கேயோ சுற்றுலா போய் வந்திருந்தார், டானிக் கம்பெனியின் செலவில். "ஊசி இல்லைன்னு சொல்லி ஒரு ஜவானைத் திருப்பி அனுப்பினேன்மா, அந்த முகம் இன்னும் ஞாபகம் இருக்கு" என்று ஒருமுறை என்னிடம் சொன்னார். இன்னொரு தலைவலியும் அவருக்கு இருந்தது. மருந்து வாங்குவதற்கான ஒப்பந்தம் அடிக்கடி மாறும். குறைந்த விலைக்குத் தருகிறவர்களிடம் வாங்குவார்கள். கம்பெனி மாறினால் மாத்திரையின் நிறமும் மாறும். உடனே பெரியவர்கள் கவுன்ட்டரில் சண்டைக்கு நிற்பார்கள். "போன மாசம் மஞ்சள், இந்த மாசம் வெள்ளை. இன்னாம்மா, டூப்ளிகேட்டா குடுக்கறீங்கோ?" இதற்கும் அவரே ஒரு வழி கண்டார். மாத்திரைப் பட்டைகளை வெட்டி, பின்பக்கத்து எழுத்தின்மேல் வெள்ளைத் தாள் ஒட்டி, மருந்தின் பெயரையும் அளவையும் மட்டும் கையால் எழுதிப் பழுப்பு உறையில் போட்டுத் தரச் சொன்னார். யாராவது முணுமுணுத்தால் அறையிலிருந்து வெளியே வந்து, "நாம கலருக்கு வைத்தியம் பண்றதில்லை" என்பார். பெரியவர்கள் அடங்கிவிடுவார்கள். என் கணவருக்கு அந்த வாக்கியம் மிகவும் பிடிக்கும். மேலிடம் இஷ்யூ செய்ததைக் கேள்வி கேட்காமல் வாங்கிக்கொள்வதுதான் பட்டாளத்து வழக்கம் என்பார்.

ஷேர் ஆட்டோவில் விழுந்த அந்த வாரம்தான் மகள் புதிய உறையிலிருந்து மாத்திரை எடுக்கத் தொடங்கியிருந்தாள். முன்பு நீளமான இளஞ்சிவப்பு, இப்போது உருண்டை வெள்ளை. எங்களில் யாரும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. நிறம் மாறுவது எங்களுக்குப் பழகிப்போயிருந்தது.

பெரிய மருத்துவமனைக்கு அழைத்துப் போனோம். ஸ்கேன் எடுத்தார்கள், இரத்தம் எடுத்தார்கள். இரத்தத்தில் மருந்து குறைவாக இருக்கிறது என்றார் மருத்துவர். மகளைப் பார்த்துப் புன்னகைத்தபடி, "காலேஜ் போற பசங்க எல்லாரும் செய்றதுதான். மாத்திரையை ஸ்கிப் பண்றியாம்மா?" என்று கேட்டார். "இல்ல டாக்டர், டெய்லி போட்டுக்கினுதான் கீறேன்" என்றாள். அவர் எங்களைப் பார்த்தார். அவள் பொய் சொல்கிறாள் என்று அவர் சொல்லாமல் விட்டதை நாங்கள் எடுத்துக்கொண்டோம். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது என் கணவர் அவளிடம், "நாளைக்கு ரோட்ல வுழுந்து லாரி ஏறிச்சின்னா யாரு பதில் சொல்றது?" என்றார். அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

இரண்டாவது முறை அவள் அடுப்படியில் விழுந்தாள். டீ கொதித்துக்கொண்டிருந்த பாத்திரம் கையில் சரிந்து மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை வெந்துபோனது. நான் பக்கத்து அறையில்தான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டு வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அன்றிலிருந்து என் கணவர் ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்தார். சாப்பாடு முடிந்ததும் அவள் அவர் முன்னால் வந்து நிற்க வேண்டும், மாத்திரையை விழுங்க வேண்டும், வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்ட வேண்டும். கட்டுப்போட்ட கையை மார்போடு அணைத்துக்கொண்டு அவள் அப்படி நிற்பதைப் பார்க்க முடியாமல் நான் பாத்திரம் கழுவப் போய்விடுவேன். ஒரு நாள் அவள், "நல்லா பாத்துக்கோப்பா, தொண்டையிலயும் டார்ச் அடிச்சுப் பாரு" என்றாள். அவர் டார்ச்சை எடுக்கவில்லை. ஆனால் அந்த வழக்கத்தை நிறுத்தவும் இல்லை. அதற்குப் பிறகு அவள் அப்பாவிடம் பேசுவதை விட்டுவிட்டாள்.

அப்படியும் மூன்றாவது முறை வந்தது. அவர் கண் முன்னால் விழுங்கிய மாத்திரை, மறுநாள் மாலையில் கைவிட்டது. அவள் தெளிந்து எழுந்தபோது எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது எனக்கு.

நான் ஒரகடத்தில் வாகன உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலையில், வெளியிலிருந்து வரும் சரக்கைச் சோதிக்கும் பிரிவில் இருக்கிறேன். ஒரு சப்ளையர் திருகாணியின் பூச்சை மாற்றினால்கூட அந்தப் பெட்டியில் மஞ்சள் அட்டை தொங்கவிட வேண்டும். பழைய திருகாணியையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் உற்பத்தி லைனுக்கு அனுப்ப மாட்டோம். அன்று சமையலறையில் நின்றபோது, அவள் கல்லூரிப் பையில் அவசரத்துக்கென்று நான் எப்போதோ போட்டு வைத்த பழைய இளஞ்சிவப்பு மாத்திரை ஞாபகம் வந்தது. அதை ஒரு தம்ளர் தண்ணீரில் போட்டேன். புதிய வெள்ளையை இன்னொன்றில் போட்டேன். பால் பொங்குவதற்குள் வெள்ளை மாத்திரை மாவாகிப்போனது. சோறு வடித்து, குழம்பு இறக்கி, வந்து பார்த்தபோதும் இளஞ்சிவப்பு மாத்திரை உருக்குலையாமல் அடியில் கிடந்தது. என் கணவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். இரண்டு தம்ளரையும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மகளின் அறை வரைக்கும் போனார். கதவைத் தட்டாமல் திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

மறுநாள் லீவு சொல்லிவிட்டு இருவரும் கிளினிக்குக்குப் போனோம். கர்னல் சார் நான் சொன்னதைக் குறுக்கிடாமல் கேட்டார். மருந்து கொடுக்கும் அம்மாவை அழைத்து, வெட்டாத முழுப் பட்டை ஒன்றைக் கொண்டுவரச் சொன்னார். கண்ணாடியைக் கழற்றி, பட்டையைக் கண்ணருகே பிடித்துப் படித்தார். அதே மருந்து, அதே அளவு. ஆனால் மெல்லக் கரையும் வகை இல்லை, சாதாரண வகை. காலையிலும் இரவிலும் பிரித்துச் சாப்பிட வேண்டியது. புதிய ஒப்பந்தத்தில் மருந்தின் பெயரும் அளவும் மட்டுமே இருந்ததால் கம்பெனி அதைத்தான் அனுப்பியிருந்தது. ஒரே வேளையாகப் போட்டதில் மறுநாள் காலையிலிருந்தே அவள் உடம்பில் மருந்து குறைந்து, சாயங்காலத்துக்குள் தீர்ந்துபோயிருக்கிறது. "இது யாருக்குமே தெரியலையா?" என்று அவர் தனக்குத்தானே கேட்டுக்கொண்டார்.

அறை வாசலில் வந்து நின்றிருந்த கேட்டுக் காவலர்தான் பதில் சொன்னார். "அந்தக் கம்பெனி ஆளு வந்தாரு சார். ஏதோ மாத்திரை வேற மாரி கீது, டாக்டராண்ட சொல்லணும்னாரு. நான் உள்ள வுடலை. மறுபடியும் வந்தாரு, வெயில்ல நின்னுக்கினே இருந்தாரு. நீங்கதான சார், எவன் வந்தாலும் வுடாதன்னு சொன்னீங்கோ?"

கர்னல் சார் அவரைத் திட்டவில்லை. "ஆமாம்பா, நான்தான் சொன்னேன்" என்றார். பிறகு அதே இடத்தில் உட்கார்ந்து, அந்த மாத்திரை வாங்கிய ஒவ்வொரு வீட்டுக்கும் அவரே போன் செய்யத் தொடங்கினார். நாங்கள் கிளம்பும்போதும் பேசிக்கொண்டிருந்தார்.

மகளுக்குப் பழைய வகை மாத்திரையே மீண்டும் வந்தது. வலிப்பு நின்றது. கை ஆறிவிட்டது, தழும்பு இருக்கிறது. கர்னல் சார் அதன் பிறகு அங்கே அதிக காலம் இல்லை. இப்போது இருக்கும் பொறுப்பாளர் சிரித்த முகத்துக்காரர். பட்டைகள் வெட்டாமல் வருகின்றன, வெள்ளைத் தாள் இல்லை, நானே படித்துப் பார்த்து வாங்குகிறேன். கம்பெனிக்காரர்கள் உள்ளே வந்து ஏசியில் உட்கார்ந்து டீ குடிக்கிறார்கள். சுவரில் கம்பெனிக் காலண்டர்கள். போன மாதம் என் கணவரின் இரத்த அழுத்த மாத்திரை இல்லை, வெளியில் வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். கவுன்ட்டருக்குப் பின்னால் சத்து டானிக் அடுக்கடுக்காக இருந்தது. எது மேல் என்று என்னை யாராவது கேட்டால் சொல்லத் தெரியாது. இரண்டு விதத்திலும் பார்த்துவிட்டேன். எனக்கு அலுப்பாக இருக்கிறது. ஒருவர் நல்லவராக இருந்தால் போதும், மிச்சம் தானாக நடக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தவள் நான்.

ஆனால் கர்னல் சார் எங்கள் வீட்டுக்கு வந்ததைச் சொல்ல வேண்டும். வலிப்பு நின்ற பிறகும் மகள் தன் அப்பாவிடம் பேசவில்லை. அவர் மன்னிப்புக் கேட்கத் தெரியாதவர். புது மிக்சர் பாக்கெட்டை வாங்கி அவள் மேசையில் வைப்பார், அது அப்படியே இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து நாங்கள் வீடு திரும்பியிருந்தோம். வாசலில் ஷேர் ஆட்டோ ஒன்று நின்றது. கர்னல் சார் இறங்கினார். என் கணவர் மடித்துக் கட்டிய லுங்கியை இறக்கி விட்டுக்கொண்டு விறைப்பாக நின்றார். "நீங்க எதுக்கு சார் இவ்ளோ தூரம்? கூப்பிட்டிருந்தா நானே வந்திருப்பேனே." கர்னல் சார் உட்காரவில்லை. நான் கொடுத்த தண்ணீரை வாங்கிக்கொண்டு, "பொண்ணு இருக்காளா?" என்று கேட்டார்.

அவள் வந்து நின்றாள். அவர் அவள் கையைப் பார்த்தார். பிறகு என் கணவரைப் பக்கத்தில் வரச் சொன்னார். பேசியது அவளிடம்தான்.

"உன்மேல எந்தத் தப்பும் இல்லம்மா. உங்க அப்பா உன்னைச் சந்தேகப்பட்டாரே, அது என்னை நம்பினதால. மாத்திரை மாறினது உங்க யாருக்கும் தெரிஞ்சிடாம பார்த்துக்கிட்டவன் நான்தான்."