வசந்தா என் வாசல் வரை வந்தாளா?

ஓவியர் வசந்தாவை நான் வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டதாக ஊரில் பேசிக்கொள்கிறார்கள். அது உண்மையல்ல. அவள் என் கதவைத் தட்டவில்லை. தட்டியிருந்தால் திறந்திருப்பேன். கதவு வரை வந்தாளா என்பது மட்டும் எனக்குத் தெரியாது. அவளோடு படம் வரைந்தவர்களும் பயணம் செய்தவர்களும் இந்த நினைவு மலரைப் படிப்பார்கள் என்பதால், எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

செய்தியைக் கொண்டுவந்தவர் சத்திரத்துக் குமாஸ்தா ஏழுமலை. கார்த்திகை தீபம் முடிந்து ஐந்தாம் நாள் காலையில் வந்து படியிலேயே நின்றார். "அம்மா, ஒங்க தங்கச்சி வேலூர் ஆஸ்பத்திரில தவறிட்டாங்களாம். பையில நம்ம சத்திரத்துச் சீட்டு இருந்துச்சுன்னு சொல்லி அனுப்பிச்சாங்க" என்றார். அவள் ஊருக்கு வந்ததே எனக்குத் தெரியாது என்றேன். அவர் முகம் மாறியது. "மூணு நாள் எங்க வராண்டாலதான் படுத்திருந்தாங்க. ஒங்க வூட்டுக்கு வர்லியா?"

வசந்தா என் தங்கை அல்ல. எழுபதுகளின் தொடக்கத்தில், என் கணவரின் திதிக்கு அன்னதானம் சொல்லிவைக்க அந்தச் சத்திரத்துக்குப் போயிருந்தேன். கையில் தகரப் பெட்டியும் தோளில் நீளமான தகரக் குழாயுமாக ஒரு பெண் ஏழுமலையோடு வாதாடிக்கொண்டிருந்தாள்.

"ஆம்பள தொணை இல்லாம வந்தா எடம் குடுக்கறதில்லம்மா."

"படம் வரையறதுக்கு பேப்பரே இப்பதான் சார் வாங்கினேன். ஆம்பளைய எந்தக் கடையில வாங்கறது?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "என் தங்கச்சிதான், எழுதிக்கோங்க" என்று சொல்லி, பதிவேட்டில் கையெழுத்தும் போட்டேன். தெரிந்தே ஒரு பொய்க்குக் கையெழுத்திட்டது வாழ்நாளில் அந்த ஒரு முறைதான். சத்திரத்தில் மூன்று நாள்தான் தங்கலாம். நான்காம் நாள் காலை அவள் என் வாசலில் நின்றாள். "ஒங்க தங்கச்சி வந்திருக்கேன்கா."

சென்னையில் ஒரு பள்ளியில் அவளுக்குப் பகுதிநேர வேலை. விடுமுறை விட்டால் பாசஞ்சர் ரயில், டவுன் பஸ், வேர்க்கடலை மூட்டை ஏற்றிய வண்டி என எது கிடைத்தாலும் ஏறிவிடுவாள். பன்னும் வாழைப்பழமும்தான் சாப்பாடு. ஒருமுறை செஞ்சிக்கு என்னையும் அழைத்துப் போனாள். கஞ்சி போட்ட புடவையில் கம்பியைப் பிடித்தபடி நான் நின்றேன். அவள் பெட்டியின் மேல் உட்கார்ந்து வரைந்துகொண்டு வந்தாள். கண்டக்டர் குழாயைத் தட்டிப் பார்த்தார். "இன்னாம்மா இது, பீரங்கியா? லக்கேஜ் போடணும்." "பதினோரு நிலை கோபுரம்பா உள்ள இருக்கு. பாத்துப் போடு" என்றாள். எதிரே கூடையோடு இருந்த கிழவி தன் படத்தை எட்டிப் பார்த்து, "எம் மூக்கு இம்மாம் பெருசா?" என்று சண்டைக்கு வந்தாள்; ஆனால் இறங்கும்போது இரண்டு கை கடலையை வசந்தாவின் மடியில் போட்டாள். "ரிசர்வ் பண்ணிப் போனா ஜன்னல்தான்கா கிடைக்கும். இப்டிப் போனாத்தான் மூஞ்சி கிடைக்கும்" என்று வசந்தா அன்று சொன்னாள். எனக்கோ, திரும்பிவர பஸ் கிடைக்குமா என்ற கவலையில் செஞ்சிக் கோட்டையே கண்ணில் படவில்லை.

அடுத்து எழுதப்போவதை நான் யாரிடமும் சொன்னதில்லை. ஓர் ஐப்பசி மழையில், நெரிசலான பஸ் ஒன்றில் அவள் பெட்டியையும் குழாயையும் பிடுங்கிக் கூரைமேல் போட்டுவிட்டார்கள். ஒரு மாத வேலை நனைந்துபோயிற்று. உலர்த்த இடம் வேண்டும் என்று நேரே என் வீட்டுக்கு ஓடிவந்து, கூடம் முழுக்கத் தாள்களைப் பரப்பினாள். அன்று என் மகளைப் பெண்பார்க்க வருவதாக இருந்தது. எனக்குக் கோபம் வந்தால் கான்வென்ட் ஆங்கிலம் வரும். இது சத்திரம் அல்ல, இனிமேல் தபால் கார்டு போடாமல் இந்தப் படி ஏறாதே என்று ஆங்கிலத்தில் சொன்னேன். "சரிக்கா" என்று அவசரமாக அள்ளினாள். ஒட்டிக்கொண்ட இரண்டு தாள்கள் என் கண்ணெதிரே கிழிந்தன. நான் மன்னிப்புக் கேட்கவில்லை.

அதன்பின் கார்டு போடாமல் அவள் வந்ததே இல்லை. "வியாழன் வருகிறேன். மூன்று நாள் சத்திரம், நான்காம் நாள் உங்கள் வீடு. ஒரு பாய் போதும்" என்று எழுதி, ஓரத்தில் வழியில் கண்ட ஒரு முகத்தை வரைந்திருப்பாள். சொன்ன நாளில் வராவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. எந்த ஊர் பஸ் ஸ்டாண்டில் காய்ச்சலோடு கிடக்கிறாளோ என்று தெருவையே பார்த்துக்கொண்டிருப்பேன். வந்ததும் முதலில் திட்டுவேன். கார்டு போடுவதை மரியாதை என்றே எடுத்துக்கொண்டேன். அது பயமாக இருந்திருக்கலாம் என்று இப்போதுதான் தோன்றுகிறது.

செய்தி சொல்ல வந்த ஏழுமலையிடம் கிளறிக் கேட்டேன். தயங்கித் தயங்கிச் சொன்னார். "நாலாம் நாள் காலைல ஒடம்பு கொதிச்சுது. அக்கா வூட்டுக்குப் போய்ப் படுங்கன்னு நான்தான் சொன்னேன். 'கார்டு போடலியே'ன்னு சிரிச்சாங்க. பெட்டியத் தூக்கிக்கினு கெளம்பிட்டாங்க."

சத்திரத்திலிருந்து வேலூர் பஸ் பிடிக்க என் தெரு வழியாகவும் போகலாம்; தேரடி வழியாகவும் போகலாம். ஒரு பெண் என் வாசல் வரை வந்து நின்றுவிட்டுத் திரும்பியதாகத் தெருமுனைப் பூக்காரி யாரிடமோ சொன்னாளாம். ஊர்ப்பேச்சு அதிலிருந்துதான் கிளம்பியது. நான் போய்க் கேட்டால், "தெர்லம்மா, தீபக் கூட்டத்துல எவ்ளோ பேர் வராங்க போறாங்க" என்கிறாள். அன்று காலை நான் வீட்டில்தான் இருந்தேன். கூட்ட நாளில் எப்போதும் போல உள்தாழ்ப்பாள் போட்டிருந்தேன்.

அவள் நினைவாக என்னிடம் இருப்பவை அந்தக் கார்டுகளும் அவற்றில் உள்ள முகங்களும்தான். ஒன்றிலும் அவள் முகம் இல்லை.

அன்று காலை வேலூர் பஸ்ஸில் தகரக் குழாயோடு ஏறிய பெண்ணின் அருகே உட்கார்ந்தவர்கள், ஆஸ்பத்திரியில் அவள் பக்கத்துக் கட்டிலில் இருந்தவர்கள் யாராவது இதைப் படிக்கக்கூடும். என் வாசல் வரை வந்ததாக அவள் சொன்னாளா? என்ன சொல்லியிருந்தாலும் எனக்குத் தெரிய வேண்டும். நேரில் வந்து சொல்ல வேண்டாம்; என்னால் உங்கள் எதிரில் உட்கார்ந்து கேட்க முடியாது. மலர் வெளியிடுபவர்களிடம் என் முகவரி இருக்கிறது. தயவுசெய்து எழுதுங்கள்.