நீல டப்பா காலியான சாயங்காலம்

எண்ணுக்காரி என்ற பெயரை நான் முதன்முதலில் கேட்டது என் தாய்மாமன் வாயிலிருந்து. எனக்கு அப்போது கல்யாணமாகி ஆறு மாதம். மாமன் படகுத்துறையில் பெரிய படகு ஓட்டினார். ஒருநாள் மத்தியானம் சாப்பிட்ட கையைக் கழுவாமலே உட்கார்ந்து சொன்னார்.

"துறைக்கு எண்ணுக்காரின்னு ஒருத்தி வேலைக்கு வந்திருக்கா. ஏறுற ஆளை எண்ணணும், இறங்குற ஆளை எண்ணணும், அவ்வளவுதான். எழுதப் படிக்கத் தெரியாது. டப்பா நிறையச் சட்டைப் பொத்தான் வச்சிருக்கா. ஆளுக்கு ஒண்ணு. இன்னைக்கு எனக்கும் ஒண்ணு போட்டுட்டா. நான் படகு ஓட்டுறவன்மான்னேன். 'ஓட்டுறவரு மட்டும் மூழ்க மாட்டாரா அண்ணே'ங்கிறா!"

"வாய் நீளந்தான்" என்றாள் அத்தை. ஆனாலும் சிரித்தாள்.

எண்ணுக்காரியின் புருஷன் தையற்காரன். இருமி இருமியே போய்ச் சேர்ந்தான். தையல் மெஷின் இரவல். அது திரும்பிப் போனது. இரண்டு தகர டப்பாவும் பொத்தானும்தான் அவளுக்கு மிஞ்சின. ஒன்று சிவப்பு, ஒன்று நீலம். ஒரு ஆள் படகில் ஏறினால் சிவப்பிலிருந்து ஒரு பொத்தான் நீலத்துக்குப் போகும். திரும்பி வந்து இறங்கினால் நீலத்திலிருந்து சிவப்புக்கு. நீல டப்பா காலியானால் எல்லாரும் கரை சேர்ந்தாயிற்று என்று அர்த்தம். அதைக் கவிழ்த்து அடியில் இரண்டு தட்டுத் தட்டுவாள். அந்தச் சத்தம் கேட்டுத்தான் மாமன் படகைக் கட்டிவிட்டு வீட்டுக்கு வருவார்.

துறைத் தொழிலாளர் சங்கம் வருடத்துக்கு ஒருமுறை விழா நடத்தும். மேடை கிடையாது, பந்தல் கிடையாது. கடல் உள்வாங்கி ஆற்றுத் தண்ணீர் வடியும்போது நடுவில் ஒரு மணல்திட்டு வெளியே வரும். ஐந்து மணி நேரம் காய்ந்து கிடக்கும். கரையோரத்துத் தெருக்கள் எல்லாம் சோற்று மூட்டையோடு அங்கே போய்விடும். ஓட்டப்பந்தயம், தெருவுக்குத் தெரு கயிறு இழுப்பது, பாட்டு, வாத்தியம். தண்ணீர் ஏறுவதற்குள் திரும்பிவிட வேண்டும்.

மூன்றாவது வருட விழாவில் எல்லாரும் இறங்கிய பிறகும் நீல டப்பாவில் ஒரு பொத்தான் மிச்சம். யாரையும் வீட்டுக்குப் போகவிடாமல் வழியை மறித்து நின்றாள். "பசியில உயிர் போகுது, உன் பொத்தானுக்கு நாங்க காவலா?" என்று திட்டாதவர்கள் இல்லை. அசையவில்லை. மாமன் திட்டுக்குத் திரும்பிப் போய்ப் பார்த்தால், சங்கத்துச் சமையற்காரர் தன் பெரிய அண்டாவுக்குப் பின்னால் குறட்டை விட்டுக்கொண்டிருக்கிறார். அன்றிலிருந்து அவள் சொன்னதுதான் சொல். பால்காரனிடம் அளவுக்குச் சண்டை வந்தால்கூட, "எண்ணுக்காரியக் கூப்பிடட்டுமா?" என்போம்.

இப்படிப் பதினோரு வருடம் ஓடியது.

என் அக்கா, கூடப் பிறந்தவள் இல்லை, பெரியப்பா மகள். ஒரே வீட்டில் வளர்ந்தோம். அவள் வீட்டுக்காரர் குடை ரிப்பேர் செய்பவர். காது சுத்தமாகக் கேட்காது. அந்தப் பதினோராம் வருட விழாவில் அக்காவின் சின்னப் பெண்ணுக்கு மத்தியானமே காய்ச்சல். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அக்காவும் நானும் முதல் படகில் திரும்பினோம். அத்தான் கயிறு இழுப்பதைப் பார்த்துவிட்டுக் கடைசிப் படகில் வருகிறேன் என்று கையால் சைகை காட்டினார்.

கடைசிப் படகு வந்தது. நீல டப்பா காலியானது. எண்ணுக்காரி அதைக் கவிழ்த்துத் தட்டினாள். ஆட்கள் கலைந்தார்கள். அத்தான் மட்டும் வரவில்லை. நாங்கள் துறைக்கு ஓடினோம்.

"அவரைக் காணோமே அக்கா" என்றாள் என் அக்கா, எண்ணுக்காரியிடம்.

"டப்பாவைப் பாரு தங்கச்சி. ஒண்ணுமில்ல. வந்திருப்பாரு. எங்கயாவது டீக்கடையில உக்காந்து கயிறு இழுத்த கதை அளந்துக்கிட்டு இருப்பாரு."

"அவருக்குக் காதே கேக்காது. யாருகிட்டப் போய்க் கதை பேசுவாரு?"

"கேக்கத்தான் காது வேணும். அளக்க வாய் போதுமே."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மூன்று டீக்கடை, முடி வெட்டுகிற கடை, மறுபடி வீடு. எங்கும் இல்லை. திரும்பி வந்தபோது துறையின் கீழ்ப்படி நனைந்திருந்தது. அக்கா மாமனின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மாமா, ஒரே ஒரு தடவை போய்ப் பார்த்துட்டு வந்துருங்க."

மாமன் கயிற்றில் கை வைத்தார். எண்ணுக்காரிக்கு முகம் சுருங்கிவிட்டது.

"பதினோரு வருஷத்துல ஒரு பொத்தான் தப்பியிருக்கா அண்ணே? போறதுன்னா போங்க. நாளையிலேருந்து எண்ணுறதுக்கு வேற ஆளைப் பாருங்க."

மாமன் கையை எடுத்துவிட்டார். நான் பேசாமல் இருந்திருக்கலாம். "எண்ணுக்காரி சொன்னா சரியாத்தான் இருக்கும்க்கா" என்றேன். தூரத்தில் திட்டுப் பக்கம் ஒரு கறுப்புப் புள்ளி தெரிந்தது. நீர்க்காகம் என்று நினைத்தேன்.

இன்னும் அரைமணி போயிருக்கும். வாத்தியக்காரர்களின் தலைவர் பாலத்தைச் சுற்றிக்கொண்டு சைக்கிளில் வேர்க்க விறுவிறுக்க வந்தார். அவர்கள் எதிர்க்கரை ஆட்கள். தங்கள் சின்னப் படகிலேயே திட்டுக்கு வந்து, அதிலேயே திரும்பியவர்கள். துறைப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்த, பெரிய மேளம் அடிக்கிறவனைப் பார்த்ததும் கத்தினார்.

"இங்கயா இருக்கே? உன்னைத் திட்டுலயே விட்டுட்டோமோன்னு ஈரக்குலையே நடுங்கிருச்சுடா!"

"சின்னப் படகுல குமட்டுதுண்ணே. சமையலுக்குக் கட்டுன கூடாரத் துணியைத் தூக்க ஆளில்லைன்னாங்க. தோள்ல போட்டுக்கிட்டு பெரிய படகுல ஏறிட்டேன்."

எண்ணுக்காரி படியிறங்கி வந்தாள். "போகும்போது என் படகுல போனியா?"

"இல்லம்மா. வரும்போது மட்டுந்தான்."

துணி மூட்டையில் முகம் தெரியவில்லை. தலை ஒன்று இறங்கியது, அத்தானுக்குரிய பொத்தானைச் சிவப்பில் போட்டுவிட்டாள். அவள் கையிலிருந்த டப்பா விழுந்து, படியில் உருண்டு தண்ணீருக்குள் போனது. அதற்குள் மாமன் கயிற்றை அவிழ்த்துவிட்டார்.

திட்டின் மறுகோடியில் ஒரு பழைய உடைந்த படகு கிடக்கும். அதன் நிழலில் அத்தான் தூங்கியிருக்கிறார். புறப்படும்போது ஊதிய விசில் அவருக்கு எங்கே கேட்கும்? மாமன் போனபோது மணல் இல்லை, உடைந்த படகின் விலாக்கட்டைகள் மட்டும் வெளியே நின்றன. உயரமான கட்டை ஒன்றில், விரித்த குடையைத் தன் துண்டாலேயே இறுக்கிக் கட்டியிருந்தார், கரையிலிருந்து பார்த்தால் தெரியட்டும் என்று. குடை இருந்தது. ஆள் இல்லை. மூன்றாம் நாள் ஆற்றோட்டத்தில் கீழே மரக்கிடங்குப் பக்கம் ஒதுங்கினார்.

ஒரு வாரம் கழித்து எண்ணுக்காரி அக்கா வீட்டு வாசலில் வந்து நின்றாள். அழவில்லை. மன்னிப்பு என்று வாயைத் திறக்கவும் இல்லை. அக்காதான் பேசினாள்.

"தப்பா எண்ணிட்டேன்னு உன்னைக் குத்தம் சொல்லல. அது யாருக்கும் வரும். நான் வந்து கேட்டப்போ டப்பாவைக் காட்டுனியே. என் மூஞ்சியை ஒரு தடவை பார்த்திருக்கலாம்."

கதவைச் சாத்திவிட்டாள். அதற்கப்புறம் இருபத்தாறு வருடம் அக்கா அவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

சங்கம் பெயர் எழுதுகிற நோட்டுப் போட்டது. பேனா பிடிக்கத் தெரிந்த ஆள் வந்தான். விழாவைப் பள்ளிக்கூட மைதானத்துக்கு மாற்றினார்கள். இரண்டு வருடம் நடந்தது, அப்புறம் கயிறு இழுக்கவே ஆள் சேரவில்லை. எண்ணுக்காரி மீன் கொட்டகையில் தரை கழுவப் போனாள். கடைக்குப் போனால் சில்லறையை எண்ண மாட்டாள். உள்ளங்கையை விரித்து நீட்டுவாள், கடைக்காரனே எடுத்துக்கொள்வான். ஏமாற்றியவர்களும் உண்டு. "எண்ணிப் பாரேன்டி" என்று ஒருமுறை நான் சொன்னதற்கு, "நீ எண்ணு" என்று கையை என் பக்கம் திருப்பினாள்.

நாலு வருடத்துக்கு முன் அக்கா போனபோது, எண்ணுக்காரி எதிர்ச்சாரியில் ஒரு கடை ஓரமாக நின்றாள். தூக்கிக்கொண்டு போகும்வரை நின்றாள். வீட்டுப் பக்கம் வரவில்லை. நான் பார்த்தேன், கூப்பிடவில்லை. கூப்பிட்டிருக்கலாம்.

இப்போது அவள் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கிற முதியோர் விடுதியில் இருக்கிறாள். தரைத்தளம், தெருவைப் பார்த்த அறை, ஏழாம் நம்பர் கட்டில். அந்தப் பக்கம் போனால் ஒருதரம் எட்டிப் பாருங்கள்.