ரயில் விழுந்த தேதியில் என் மகள் கல்யாணம்

டீக்கடைச் சுவரில் இதை ஒட்டுகிறேன். படித்துவிட்டு யாரும் கிழிக்க வேண்டாம்.

இன்று பெரம்பலூர் பஸ்ஸில் என் மச்சினன் என் சட்டையைப் பிடிக்காத குறைதான். மகளின் கல்யாணப் பத்திரிகை அடிக்க இருவரும் போய்க்கொண்டிருந்தோம். சம்பந்தி நேற்றுக் குறித்துக் கொடுத்த முகூர்த்தம் நவம்பர் இருபத்து மூன்று என்று அப்போதுதான் அவனிடம் சொன்னேன்.

"ஐம்பத்தாறுல அன்னிக்குத்தான் மருதையாத்துல ரயில் விழுந்துச்சு. எங்கப்பா அதுல போனாரு. மறந்துட்டீங்களா மாமா?"

"மாமனாருக்குத் தெவசம் திதி பாத்துத்தானே கொடுக்குறோம்? அது வேற நாள்ல வருது. இங்கிலீஷ் தேதியை எதுக்குப் பாக்குற?" என்றேன்.

என் வாய் அதோடு நிற்கவில்லை. "காந்தி ஜெயந்தி அன்னிக்குத்தான் பெருந்தலைவரும் போனாரு. அதுக்காக ஜெயந்தியை நிறுத்திட்டாங்களா?"

பஸ்ஸே சிரித்தது. அவன் சிரிக்கவில்லை.

"தெவசம் எங்கப்பாவுக்கு. அந்தத் தேதி ஆத்துல போன அத்தனை பேருக்கும். அன்னிக்கு அரியலூர்ல மேளம் அடிச்சா, தாய்மாமனுக்கு வேற ஆளைப் பாத்துக்குங்க. உங்க வூட்டு வாசப்படியை மிதிக்க மாட்டேன்."

பாதி வழியிலேயே இறங்கிப் போய்விட்டான்.

தாய்மாமன் இல்லாமல் மணமேடையா? என் பெண்டாட்டி என்னை வீட்டுக்குள் விடுவாளா? அச்சாபீஸில் தேதிக்கு மட்டும் இடம் விட்டு, மற்றதை அச்சுக் கோக்கச் சொல்லிவிட்டு வந்தேன். இனிச் சம்பந்தி சண்டைக்கு வருவார்.

அரியலூரில் யாருமே சாகாத தேதி ஒன்று தெரிந்தவர்கள் இந்தத் தாளின் கீழே எழுதுங்கள். மச்சினன் மட்டும் எழுத வேண்டாம்.